பாதியில் நிற்கிற அழுகை

எங்கள் ஊரில் பால் பம்புகள் அழும். வெறும் மோட்டார் சத்தத்துக்குத் தாய்ப்பால் இறங்காது என்பதால் அழுகையோடு செய்துதான் கடைக்கு அனுப்புகிறார்கள். பச்சைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிற பெண்கள் பம்பைக் கையோடு எடுத்து வருவார்கள். பம்பு அழும், பால் இறங்கும், பாட்டில் நிறையும், சாயங்காலம் பாட்டில் வீட்டுக்குப் போகும். ஒரே ஒரு விதி உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன்பே பம்பை வாங்கிவிட வேண்டும். பிள்ளை பெற்றவள் கடைக்குள் காலை வைத்தால் பம்புகள் வெட்கப்பட்டுக்கொண்டு வாயே திறக்காது.

அதனால் தன் குழந்தை எப்படி அழும் என்று தெரியாமலே ஒவ்வொருத்தியும் ஓர் அழுகையைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்.

நான் மேகலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு வருடமாக செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற பனியனை மேஜைமேல் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, நூல் தொங்கும் முனை எல்லாம் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இன்னும் பிறக்கவில்லை என்று டெய்லர்கள் சொல்வார்கள். பாராட்டாகச் சொல்கிறார்களா வயிற்றெரிச்சலில் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. இந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. கரி பிடித்த சட்டிக்கு ஒன்று, கோணலாக மாட்டிய காலண்டருக்கு ஒன்று, பித்தான் மாற்றிப் போட்ட வீட்டுக்காரர் சட்டைக்கு ஒன்று ஒட்டுவேன். அவர் பெயர் மோகனசுந்தரம். நிட்டிங் மில்லில் இரவு ஷிப்டு. முதுகில் அம்புக்குறியோடு மில்லுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த நாளும் உண்டு, அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

எனக்கு லீவு ஆறு மாதம். அதற்குப் பிறகு பகலெல்லாம் குழந்தை அவரிடம் இருக்கும், நான் கம்பெனியில் இருப்பேன். அவரிடம் எல்லாம் உண்டு, பால் கிடையாது. நான் எடுக்கிற பம்பின் அழுகைக்கு எனக்குப் பால் இறங்காவிட்டால் என் பிள்ளை பசியோடு கிடக்கும். வேலைக்குப் போகாமலும் முடியாது. எட்டாம் மாதம் தொடங்கியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டி ருக்குமணி அக்காவின் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வீட்டுக்காரரும் போனோம். அக்கா எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிப்போட்டாள்.

“எத்தன மாசங் கண்ணு?”

“எட்டு நடக்குதுங்க்கா.”

“வேலைக்குப் போற புள்ளயா?”

“செக்கிங்குங்க்கா.”

“அப்ப எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் எடுப்ப,” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, கவுண்டரில் ஒரு துண்டை விரித்தாள்.

முதலில் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் டேப்பால் அளந்தாள். பம்பின் வாயில் வைக்கிற புனலுக்கு அளவு உண்டு. எனக்கு இருபத்துநாலு மில்லிமீட்டர் என்றாள். பதினொரு வருடமாக நான் அளந்துகொண்டிருக்கிறேன், என்னை ஒருவர் அளந்தது அன்றைக்குத்தான். பிடிக்கவில்லை. ஆனால் அக்காவின் அளவு சரியாக இருந்தது.

பிறகு பம்புகளை ஒவ்வொன்றாகத் துண்டின் மேல் கிடத்தினாள். கைப்பம்பு முதலில் வந்தது. அமுக்கினால் அழும், கையை எடுத்தால் உடனே சமாதானமாகிவிடும். இவ்வளவு ரோஷம் கெட்ட அழுகை எனக்கு வேண்டாம் என்றேன். அடுத்தது இரட்டைப் பம்பு. இடது பக்கம் பசிக்கு அழுதது, வலது பக்கம் இடது பக்கம் அழுகிறதே என்று அழுதது. பெரிய ஆஸ்பத்திரிப் பம்பு ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் அது வைத்த ஒப்பாரியில் எதிர்க்கடைக்காரர் எட்டிப்பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற குட்டிப் பம்பு யாருக்கும் கேட்காமல் உள்ளுக்குள் விசும்பியது. சூப்பர்வைசருக்குப் பயந்து பாத்ரூமில் போய் அழுகிற பெண்களை எனக்குத் தெரியும், அதே விசும்பல். அதை வாங்கினால் பால் வருவதற்கு முன்பு எனக்குக் கண்ணீர் வந்துவிடும்.

நான் அழுகைகளைப் பனியனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். எடுத்த எடுப்பில் சுருங்குகிறதா, நடுவில் தையல் விடுகிறதா, முடிவில் நூல் தொங்குகிறதா. எல்லாவற்றிலும் ஏதாவது இருந்தது. கடைசியாக அக்கா ஒரு நீலப் பம்பை எடுத்துவைத்தாள். அது மூச்சை இழுத்தது, ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கியது, மறுபடி மூச்சை இழுத்தது. ஒரு டஜன் தடவை ஓடவிட்டுக் கேட்டேன். பன்னிரண்டும் ஒன்றுபோல இருந்தன. அம்புக்குறி ஒட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை.

“இதுதானுங்க்கா,” என்றேன்.

அக்கா என் ஜாக்கெட்டைப் பார்த்தாள். மனசுக்குப் பிடித்த அழுகையைக் கேட்டால் ஜாக்கெட்டில் ஒரு பொட்டளவு ஈரம் தெரியும், அதை வைத்துத்தான் கடையில் பில் போடுவார்கள். என் ஜாக்கெட் காய்ந்து கிடந்தது.

“ஒரு வாரம் ஊட்ல வெச்சுப் பாரு அம்மிணி. சில பேருக்குக் கடையில வராது, ஊட்டுக்குப் போனா வரும். தனியா மட்டும் உட்டுறாத.”

நீலப் பம்பு எங்களோடு ஆட்டோவில் வந்தது. காலை ஆறு மணிக்கு, பதினொன்று பத்துக்கு, மத்தியானம் மூன்றுக்கு, சாயங்காலம் ஏழுக்கு என்று சொல்லிவைத்த மாதிரி அழுதது. பதினொன்று பத்து எங்கள் கம்பெனியின் டீ நேரம். அயர்னிங் செக்‌ஷனுக்குப் பின்னால் இருக்கிற பால் அறையில் அப்போதுதான் எல்லாப் பம்புகளும் அழும். இது அந்த நேரத்தை எப்படியோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஈரம் வரவில்லை. முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வரவில்லை. நான் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன், அது குறையில்லாமல் அழுது முடிக்கும், நான் குனிந்து ஜாக்கெட்டைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் தோளில் போட்டு முதுகைத் தட்டினால் மட்டும் உடனே நிறுத்திவிடும். அவருக்குத் தூக்கம் இல்லாத கண், ஆனாலும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

புதன்கிழமை செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மாவிடம் கேட்டேன். “இப்ப வரலீன்னா ஒண்ணுமில்லீங்க. நெறய பேருக்கு முன்னாடி வராது. புள்ள பொறந்தா வரும்,” என்றார். பிறகு என்னை எடைபோட்டு, பம்பையும் எடைபோட்டு, இரண்டையும் அட்டையில் எழுதிக்கொடுத்தார். பம்பு ஐம்பது கிராம் இளைத்திருந்தது.

நர்ஸம்மா சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் உட்காரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பதினொரு வருடமாக எதைப் பார்த்தாலும் குறை தேடியவளுக்குள் இரக்கம் வற்றிப்போயிருக்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஏழு மணி அழுகை முடிந்ததும் ஸ்டிக்கர் தாளை எடுத்து ஓர் அம்புக்குறியைப் பிரித்து என் ஜாக்கெட்டில், நெஞ்சுக்கு இடதுபுறம், காய்ந்து கிடந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“தப்பு அங்கதாங்க இருக்குது.”

அவர் மெதுவாக அதை உரித்து எடுத்துத் தன் சட்டைப் பைமேல் ஒட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் அழுதேன். நீலப் பம்பு பக்கத்திலேயே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது. என் அழுகையில் மூன்று இடத்தில் தையல் விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா அதன் தலையைத் தடவி மேலடுக்கில் வைத்தாள்.

“இதுக்கு மேல புதுசுல ஏதுமில்ல கண்ணு. கீழ செகண்ட்ஸ் கெடக்குது. பாக்கறயா?”

எங்கள் ஊரில் எதற்கும் செகண்ட்ஸ் உண்டு. வெளிநாட்டுக்குப் போகாமல் கழிந்த பனியன், காலர் கோணிய சட்டை எல்லாம் தெருவோரம் மலையாகக் குவிந்து கிடக்கும். நான் அம்புக்குறி ஒட்டியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போய், அதையெல்லாம் யார் வாங்கி உடுத்துகிறார்கள் என்று நான் பார்த்ததில்லை.

அக்கா அட்டைப்பெட்டியை இழுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் கூடவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பம்பு விக்கி விக்கி அழுதது. ஒன்று அழத் தொடங்கி, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டிய மாதிரி சிரிப்பில் போய் முடிந்தது. ஒன்று, நாம் பார்க்கும்வரை சும்மா இருந்துவிட்டு, முகத்தைத் திருப்பினால் அழுதது. அதை மட்டும் வீட்டுக்காரர் நாலைந்து தடவை திரும்பித் திரும்பிப் பார்த்து விளையாடினார்.

அடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. வயருக்கு டேப் சுற்றியிருந்தது.

“அது வேண்டாங் கண்ணு. பாதியில நின்னுபோயிரும். ஏழு எண்ணற வரைக்கும் சத்தமே இருக்காது. மோட்டார் போச்சுன்னு மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க.”

நான் சுவிட்சைப் போட்டேன். மஞ்சள் பம்பு மூச்சை இழுத்து அழத் தொடங்கியது. சுமாரான அழுகைதான், இரண்டு இடத்தில் கரகரப்பு இருந்தது. ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு வரும்போது நின்றுவிட்டது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் கை தன்னால் பைக்குள் போய் ஸ்டிக்கர் தாளை எடுத்தது. நாலில் அம்புக்குறியைப் பிரித்தேன். எங்கே ஒட்டுவதென்று தெரியவில்லை, சத்தம் இல்லாத இடம் பம்பில் எங்கே இருக்கிறது? ஐந்தில் குனிந்து அதன் வாய்ப்பக்கம் காதை வைத்தேன். அது யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன சாமி, இங்கதான இருக்கறேன்,” என்றேன்.

ஏழில் அது மிச்சத்தை அழுதது. ருக்குமணி அக்கா எழுந்து கடையின் திரையை இழுத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. வீட்டுக்காரர் வேறெங்கோ பார்க்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செகண்ட்ஸுக்கு எக்ஸ்சேஞ்ச் இல்ல அம்மிணி,” என்றாள் அக்கா.

“நாந் திருப்பித் தர மாட்டனுங்க்கா.”

மஞ்சள் பம்பு வீட்டுக்கு வந்த பிறகு என் பிடிவாதமும் கொஞ்சம் குறைந்தது. அதற்கும் அதே நாலு வேளை. பாதியில் நிற்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பார். “அது அப்படித்தாங்க, உடுங்க,” என்பேன். ஏழு எண்ணும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வயிற்றுக்குள் இருந்ததும் அந்த நேரத்தில் அசையாது.

பிரசவ வலி ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பையில் துணிமணி, பிளாஸ்க், பம்பு எல்லாவற்றையும் வீட்டுக்காரர் அடுக்கியிருந்தார். பையோடு அவர் வராந்தாவில் நின்றார், என்னை உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்று ஏழுக்குப் பாப்பா பிறந்தாள்.

பிறந்தவள் அழவில்லை. மூச்சு இருந்தது, நிறம் இருந்தது, கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நர்ஸ் முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். பாப்பா பொறுமையாக இருந்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிலும் முதலில் குறையைத் தேடுகிற என் கண் அன்றைக்கு ஒன்றையும் தேடவில்லை. எப்படி இருந்தாலும் சரி, ஒரே ஒரு சத்தம் போட்டுவிடு சாமி என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடம் வந்ததில்லை.

பதினொன்று பத்துக்கு வராந்தாவில் வீட்டுக்காரரின் பைக்குள் பம்பு அழத் தொடங்கியது. கதவு வழியாக எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ஏறிக்கொண்டே போனது. உச்சிக்குப் போய் நின்றது.

நின்ற இடத்தில் பாப்பா அழுதாள். ஏழு எண்ணும்வரை அழுதுவிட்டு நிறுத்தினாள். வராந்தாவில் பம்பு மிச்சத்தை அழுது முடித்தது.

டாக்டர் தலையாட்டினார். குழந்தை அழுத நேரம் பதினொன்று பத்து என்று நர்ஸ் எழுதிக்கொண்டார். பிறகு வராந்தாவுக்குப் போய்ப் பம்பை வாங்கிவந்து, துணியில் சுற்றி, பாப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். எனக்குப் பால் வருவதற்கு இரண்டு நாள் ஆனது, எல்லோருக்கும் போலத்தான். வந்த பிறகு பஞ்சமில்லை.

ஆறு மாதம் ஓடிப்போனது. மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் பஸ் ஸ்டாப்புவரை அழுதுகொண்டே நடந்தேன், அதை மறைக்க நினைக்கவில்லை. டீ நேரத்தில் பால் அறையில் ஒன்பது பெண்கள், ஒன்பது பம்புகள். பட்டன் செக்‌ஷன் பெண்ணின் பம்பு வீம்புக்கு அழும், பேக்கிங் பெண்ணின் பம்பு பாடிக்கொண்டே அழும். என்னுடையது பாதியில் நிற்கும். எல்லோரும் தலையைத் தூக்காமல் ஏழு எண்ணுவார்கள். அந்த ஏழும் வீட்டில் பாப்பாவின் அழுகை என்று வீட்டுக்காரர் சொன்னார். பதினொன்று பத்துக்கு விளையாட்டை நிறுத்திவிட்டு அவள் ஏழு எண்ணும்வரை அழுவாளாம், பிறகு விட்ட இடத்திலிருந்து விளையாடுவாளாம். பாட்டில் தினமும் நிறைந்தது. பாப்பா பசியோடு ஒரு நாளும் கிடக்கவில்லை.

பனியன்களை இப்போதும் நன்றாகத்தான் பார்க்கிறேன். ஆனால் நூல் லேசாகத் தொங்குகிற பீஸைக் கழிப்பதற்கு முன்னால் ஏழு எண்ணுகிறேன். ஏன் நேரமாகிறது என்று சூப்பர்வைசர் கேட்டார், கண்ணில் வலி என்று சொன்னேன்.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு ஷிப்மெண்ட் அவசரம். எட்டரை மணியிலிருந்து உட்காராமல் நின்று பார்த்துவிட்டு, டீ மணி அடித்ததும் பால் அறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தேன். பம்பு அழத் தொடங்கியது, ஏறியது, பாதியில் நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன்.

இரண்டாவது எண்ணில் பம்புக்குள்ளிருந்து பாப்பாவின் குரல் வந்தது.

“சாப்ட்டியா?”

அதுவரைக்கும் அவள் அம்மா என்றோ அப்பா என்றோகூடச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் தங்கள் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் இல்ல சாமி,” என்றேன்.

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தேன். காலையில் வைத்த மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். நான் கடைசி வாயை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை பம்பு காத்திருந்தது. அப்புறம்தான் மிச்சத்தை அழுதது.